அட்டை கட்டியிருந்தது

அச்சங்குளம்
ஜனவரி 22

அன்புத் தம்பி மாரீஸ்வரனுக்கு அக்கா அருணாதேவி எழுதுவது. நானும் உன் மச்சானும் ஹர்ஷினியும் சுகமாக இருக்கிறோம். பொங்கலுக்கு வந்தபோது உனக்குப் பிடித்திருந்த சளி விட்டதா?

இதைப் போனில் கேட்டால் என்ன என்பாய். ஒரு காது போய், மிச்சக் காதும் பாதியாகிவிட்ட எனக்குப் போனில் யார் பேசினாலும் வண்டு குடைகிற சத்தம்தான். வாட்ஸ்அப் உன் மச்சான் போனில் இருக்கிறது. நீ எதை அனுப்பினாலும் அவர் வாசித்த பிறகுதான் என்னிடம் வரும். நமக்கு நடுவில் இன்னொரு ஆள் வேண்டாம். காகிதத்தில் எழுது.

அன்றைக்குப் பஸ் ஏறும்போது, விமானத்தின் வாலுக்கு வேலையை மாற்றிவிட்டார்கள் என்றாய். "அங்கன ஒரு குட்டி இன்ஜின் இருக்குக்கா, அதுக்குள்ள தலையை விட்டுத்தான் வேலை" என்று சிரித்தாய். நான் அடுத்தது கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இன்ஜின் என்றால் இறக்கையில் தொங்குவதுதானே? வாலில் எதற்கு? அதில் நெருப்பு எரியுமா? எரிந்தால் வெளியே வர வழி எந்தப் பக்கம்?

பதினெட்டு வருசமாகப் பட்டாசுக் கம்பெனியில் வெடி மருந்தைக் கையால் அள்ளுகிறவள் நான். எந்த ரூமுக்குள் போனாலும் முதலில் வாசலைத்தான் பார்ப்பேன். நீ வாசலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.
அக்கா


ஹைதராபாத்
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு, மாரீஸ் எழுதுவது. சளி விட்டுவிட்டது. சாப்பாட்டுக்கும் குறையில்லை. அறையில் கூட இருக்கும் விக்னேஷ்வரன் சாத்தூர்க்காரன். நம்ம ஊர் பக்குவத்தில் புளிக்குழம்பு வைக்கிறான்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. பொறுமையாகச் சொல்கிறேன், கேள்.

விமானம் தரையில் நிற்கும்போது இறக்கையில் இருக்கும் பெரிய இன்ஜின்களை அணைத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே நூற்றெண்பது பேர் ஏறி உட்கார வேண்டும். விளக்கு எரிய வேண்டும், ஏசி ஓட வேண்டும், விமானிக்கு முன்னால் இருக்கும் திரைகள் வேலை செய்ய வேண்டும். அதற்கெல்லாம் கரண்ட் கொடுப்பதுதான் வாலில் இருக்கும் குட்டி இன்ஜின். ஏ.பி.யூ. என்போம். உங்கள் கம்பெனி ஆபீசில் கரண்ட் போனால் ஓடுகிற ஜெனரேட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்.

வாலுக்கு அடியில் ஒரு சின்ன மடல் திறக்கும். அது வழியாகக் காற்றை இழுத்து, அழுத்தி, இறக்கையிலிருந்து குழாயில் வரும் எரிபொருளோடு சேர்த்து எரிக்கும். அந்தச் சூட்டுக் காற்று ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, வால் நுனி ஓட்டை வழியே வெளியே போய்விடும். சக்கரம் சுற்றினால் கரண்ட். இன்னொரு வேலையும் உண்டு. அழுத்திய காற்றில் ஒரு பங்கைக் குழாய் வழியாக முன்னால் அனுப்பும். பெரிய இன்ஜினை முதலில் சுற்றிவிடுவது அந்தக் காற்றுதான். பெரியது ஓட ஆரம்பித்துவிட்டால் சின்னதை அணைத்துவிடலாம். பறக்கும்போது பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

நெருப்பைப் பற்றிக் கேட்டாய். அந்த அறையைச் சுற்றி நெருப்புத் தாங்கும் தகட்டுச் சுவர் இருக்கிறது. உள்ளே சூட்டை உணர்கிற கம்பி ஓடுகிறது, ஒன்றுக்கு இரண்டாக. தரையில் நிற்கும்போது தீப்பிடித்தால் யாரும் தொடவே வேண்டாம். அதுவே எரிபொருளை அடைத்து, இன்ஜினை நிறுத்தி, மருந்துக் குடுவையைத் திறந்து தீயை அணைத்துவிடும். முன் சக்கரத்துப் பக்கம் ஹாரனும் அலறும்.

நாங்கள் வேலை பார்க்கும்போது அது அணைந்து, ஆறிப்போய்க் கிடக்கும். கீழ்ப்பக்கம் இரண்டு பெரிய கதவுகள் விரியத் திறந்திருக்கும். நான் நிற்பது வெளியே ஒரு மேடையில். தலையும் கையும் மட்டும்தான் உள்ளே. வாசல் பெரிதுதான் அக்கா. நிம்மதியாகத் தூங்கு.

மச்சானையும் ஹர்ஷினியையும் கேட்டதாகச் சொல்.
மாரீஸ்


அச்சங்குளம்
பிப்ரவரி 15

தம்பிக்கு, இங்கே எல்லோரும் நலம். ஹர்ஷினி உன் கடிதத்தை நோட்டில் படமாக வரைந்து, வகுப்பில் காட்டிப் பெயர் வாங்கிவிட்டாள்.

நீ எழுதியதை நாலு தடவை வாசித்தேன். நெருப்பு தானாக அணையும் என்கிறாய், நம்புகிறேன். வாசல் பெரிது என்கிறாய், அதையும் நம்புகிறேன். ஆனால் ஒன்றை நீ எழுதவில்லை. அதை ஓடவிடும் பொத்தான் எங்கே இருக்கிறது? நீ வாலில் நிற்கிறாய். பொத்தானும் உன் பக்கத்திலேயே இருக்கிறதா? வேறெங்காவது இருந்தால், உன் கை உள்ளே இருக்கும்போது அங்கே ஒருத்தன் அமுக்கினால் என்ன ஆகும்?

இங்கே வெயில் இப்போதே ஏறிவிட்டது. நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் எட்டுப் பேரை உட்கார வைக்கிறார் போர்மேன். கேட்டால், "ஆர்டர் கெடக்கு, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க" என்கிறார். பழகிப்போயிற்று. எனக்குப் பழகியது உனக்குப் பழகக் கூடாது. அதனால்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஹைதராபாத்
பிப்ரவரி 27

அக்காவுக்கு வணக்கம். நான் நலம். நீ பரீட்சை வைக்கிற ஆபீசராகப் போயிருக்க வேண்டியவள்.

பொத்தான் முன்னால், விமானி அறையில் இருக்கிறது. வாலுக்கும் அதற்கும் நடுவே முப்பது மீட்டருக்கு மேல். அங்கிருந்து கத்தினால் இங்கே கேட்காது. அதனால்தான் ஒரு முறை வைத்திருக்கிறோம். வாலைத் திறக்கும் முன் அறைக்குள் போய், பொத்தானுக்குக் கரண்ட் வரும் பிரேக்கரை வெளியே இழுத்துவிடுவோம். பொத்தானிலும் பிரேக்கரிலும் 'இயக்காதே' என்ற சிவப்பு அட்டையைக் கட்டுவோம். கட்டியவன் பெயர் அதில் இருக்கும். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். மேலதிகாரியே வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

விக்னேஷ் கட்டினால் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். நாங்கள் கேலி செய்வோம். "என் விரலுடே இது, உன் விரலா?" என்பான்.

ஆக, யாரும் அமுக்க மாட்டார்கள்.
மாரீஸ்


அச்சங்குளம்
ஏப்ரல் 3

தம்பி மாரீஸ்வரனுக்கு,

மார்ச்சில் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உன் மச்சான் போன் செய்தால், "நல்லாயிருக்கேன் மச்சான், டூட்டில இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாயாம். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னால் சிக்னல் இல்லை என்கிறாயாம். ஹைதராபாத்திலா சிக்னல் இல்லை?

போன வாரம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஏதோ வெடித்ததாக வேனில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் லாரி டயர்தான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் உன் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. இங்கே வெடித்ததற்கு அங்கே இருக்கிற நீ ஏன் வர வேண்டும்?

உனக்கு என்னவோ நடந்திருக்கிறது. கை கால் எல்லாம் இருக்கிறதா? அதை மட்டுமாவது எழுது. உன் கையெழுத்தில் எழுது.
அக்கா


ஹைதராபாத்
ஏப்ரல் 12

அக்கா,

என் கையெழுத்துதான், பார். கை கால் எல்லாம் இருக்கிறது. போனது விக்னேஷின் விரல்கள்.

மார்ச் எட்டாம் தேதி, மதியம் இரண்டு மணி. விமானம் வெயிலில் நின்றது. அரை மணியில் ஆள் ஏற வேண்டும், உள்ளே அடுப்பாகக் கொதித்தது. தரையிலிருந்து கரண்ட் கொடுக்கும் வண்டியும் அன்றைக்கு ரிப்பேர். ஏ.பி.யூ.வை ஓடவிட்டு ஏசியைப் போடு என்று சூப்பர்வைசர் என்னை அனுப்பினார். விமானி அறைக்குள் போனேன். பொத்தானில் சிவப்பு அட்டை தொங்கியது. வி. விக்னேஷ்வரன் என்று எழுதியிருந்தது. வாக்கி டாக்கியில் கேட்டேன். அது காலையில் கட்டியது, அந்த வேலை முடிந்துவிட்டது, அவிழ்த்துவிட்டு ஓடவிடு, நேரமில்லை என்றார்.

கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும் என்று உனக்கு எழுதியவன் நான். அக்கா, நான் அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது, நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். பிரேக்கரை உள்ளே தள்ளினேன். முதல் பொத்தானைத்தான் அமுக்கினேன். அதை அமுக்கினால் இன்ஜின் ஓடாது, வாலுக்கு அடியில் இருக்கும் மடல் மட்டும் திறக்கும். அடுத்த பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். கீழே நின்ற, பெட்டி ஏற்றுகிற லோடர் ஒருத்தர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே ஆட்டினார். வாய் அகலமாகத் திறந்திருந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க விக்னேஷ் மறுபடி மேடை ஏறியிருக்கிறான். மடலைத் தள்ளுகிற தண்டுக்கு இடையில் அவன் வலது கை இருந்திருக்கிறது. நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கிவிட்டன. எடுத்துவிட்டார்கள். இரண்டாவது பொத்தானையும் அமுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காத ராத்திரி இல்லை.

24-ஆம் தேதி விசாரணை. பொத்தானில் அட்டையே இல்லை என்று எழுதிக் கொடு என்கிறார் சூப்பர்வைசர். இருந்தது என்று எழுதினால் அவரும் போவார், நானும் போவேன், லைசென்ஸ் பரீட்சை எழுதவே முடியாது என்கிறார். அட்டை இல்லை என்றால் தப்பு விக்னேஷுடையது ஆகிவிடும். அவன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நான் போய்ப் பார்த்தேன். "மாரீசு, நான் கட்டினேன்ல?" என்று கேட்டான். நர்ஸ் வந்துவிட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

நான் என்ன செய்ய? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதை மச்சானிடம் காட்டாதே.
மாரீஸ்


அச்சங்குளம்
ஏப்ரல் 17
ஸ்பீட் போஸ்ட்

தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் சொல்கிறபடியே எழுதிக் கொடு. போன விரல் திரும்ப வரப் போவதில்லை. நீ வேலையை விட்டு வந்தால் இங்கே உனக்கு என்ன இருக்கிறது, என் பக்கத்தில் உட்கார்ந்து திரி கட்டுவாயா? அதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன்? நீயாக வாயைத் திறக்காதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு மரத்துப் போகும்.

இதையும் கிழித்துப் போடு.
அக்கா


ஹைதராபாத்
மே 9

அக்காவுக்கு,

நீ சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்டை இல்லை என்று. இரண்டு வரிதான்.

விக்னேஷ் கைப்புண் ஆறுவதற்காகச் சாத்தூர் போய்விட்டான். அறையில் நான் மட்டும். மேடை ஏறுவேன். கதவைத் திறந்து உள்ளே பார்ப்பேன். எல்லாம் அணைந்து குளிர்ந்துதான் இருக்கும். பிரேக்கரை நானே இழுத்து, அட்டையை நானே கட்டியிருப்பேன். ஆனாலும் கை உள்ளே போகாது. முன்னால் யாரோ என்னைப் போல ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றும். இறங்கிப் போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடி ஏறுவேன். போன வாரம் ஒரே வேலைக்கு ஆறு தடவை இறங்கிப் பார்த்தேன்.

மரத்துப் போகும் என்றாய். எத்தனை நாளில் என்று உனக்குத் தெரியுமா?
மாரீஸ்


அச்சங்குளம்
ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாத்தூருக்குப் போய் விக்னேஷைப் பார்த்தேன். மாரீசுக்கு அக்கா என்றதும் அவன் அம்மா உட்கார வைத்து காபி கொடுத்தாள். "எங்க பய கவனக்கேட்டுக்கு உங்க தம்பி என்ன செய்வான்? அட்டையைக் கட்டாம கையை விட்டுருக்கான் பாருங்க. சின்னதுலேருந்தே இப்படித்தான், எதிலயும் ஒரு கருத்து கெடையாது" என்றாள். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போனதும் என் பக்கம் குனிந்து, "அக்கா, கட்டினதாத்தான் எனக்கு ஞாபகம். ஆனா எல்லாரும் இல்லேங்கிறாக. ஒருவேளை நான் முந்தின நாள் கட்டினதை நினைச்சுக்கிட்டு இருக்கேனோ?" என்றான்.

காபியைக் குடிக்க முடியவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

எத்தனை நாளில் மரத்துப் போகும் என்று கேட்டிருந்தாய். பதினோரு வருசம் ஆகிறது, எனக்கு இன்னும் மரக்கவில்லை. உனக்குப் பொய் சொன்னேன்.

என் காது போன விபத்தில் என்னோடு வேலை பார்த்த வெள்ளைத்தாய் செத்துப்போனாள் என்று உனக்குத் தெரியும். எப்படி என்று ஊரில் எல்லோருக்கும் ஒரே கதைதான். மருந்துத் தட்டைக் கைநழுவிக் கீழே போட்டாள், உரசி வெடித்தது என்பார்கள். அந்தக் கதையைச் சொன்னவள் நான்.

முந்தின நாள் கலந்த மருந்து மிச்சம் கிடந்தது. மழைச் சாரலில் ஈரம் பட்டிருந்தது. ஈரம் பட்ட மருந்தை ராத்திரி தாண்டி வைக்கவே கூடாது, அது தானாகச் சூடேறும். போர்மேன் அதை வீணாக்க மனசில்லாமல் எங்கள் ரூமில் கொண்டுவந்து வைத்தார். நான் வாளியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. சொன்னேன். "வெயில்ல இருந்தா சுடத்தான் செய்யும், வேலையைப் பாரு" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. சாக்கு எடுக்கிற மாதிரி வாசல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். வெள்ளைத்தாயிடம் சொல்லவில்லை. போர்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாளிக்குப் பக்கத்தில் நின்று சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வெடித்தது. அவள் கையில் மருந்தே இல்லை மாரீசு.

ஆஸ்பத்திரியில் எழுதி வாங்க வந்தார்கள். போர்மேன் கட்டில் பக்கத்தில் நின்றார். "வெள்ளைத்தாய் தட்டைப் போட்டுட்டா, அம்புட்டுதானே அருணா?" என்றார். நீ அப்போது பத்தாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் இல்லை. வேலை போனால் உன்னை எப்படி வளர்ப்பது என்று அது மட்டும்தான் மண்டையில் ஓடியது. தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவள் மகள் பாண்டிலட்சுமிக்கு அப்போது எட்டு வயது. இப்போது எங்கள் ரூமில்தான் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு நாளும் யாராவது அவளிடம், "உங்காத்தா மாதிரி கைநழுவிராதடி" என்று சொல்கிறார்கள். விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒரு தட்டைத் தூக்குமுன் இரண்டு கையையும் பாவாடையில் துடைக்கும், மறுபடி துடைக்கும். வியர்க்காத கையைத் துடைக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியதை நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. முன்னால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.
அருணாதேவி


ஹைதராபாத்
ஜூலை 10

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று லீவு போட்டுவிட்டு, அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த நாள் பாதுகாப்புப் பிரிவு அதிகாரியிடம் போனேன். அவர் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். இரண்டு தடவை படி இறங்கிவிட்டேன். மூன்றாவது தடவை அவரே கதவைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்டார். "அட்டை கட்டியிருந்தது. நான்தான் அவிழ்த்தேன்" என்றேன். அது மட்டும்தான் வந்தது. மற்றதெல்லாம் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. எதற்காக இப்போது மாற்றிப் பேசுகிறாய், யார் சொல்லிக் கொடுத்தது என்று மூன்று நாள் துருவினார்கள். ஏ.பி.யூ.வைக் கவனித்துக்கொள்கிற கணினிப் பெட்டி ஒன்று உண்டு. எப்போது பொத்தான் அமுக்கப்பட்டது, எப்போது மடல் திறந்தது என்று அதில் பதிவாகியிருக்கும். அதை எடுத்துப் பார்த்தார்கள். விக்னேஷ் அட்டையை வாங்கியதற்குப் பதிவேட்டில் மதியம் ஒன்று ஐம்பது என்று கையெழுத்து இருந்தது. காலையில் கட்டியது இல்லை அது. அந்தப் பக்கத்தை அதுவரை யாரும் புரட்டியே பார்க்கவில்லை.

சூப்பர்வைசரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னை விமானத்தைத் தொடக் கூடாது என்று சொல்லி ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் பரீட்சைக்கு ஒரு வருசம் தடை. அதற்கு மேல் என்ன செய்வார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. முன்பும் பயந்தேன், இப்போதும் பயப்படுகிறேன். ஆனால் சோறு இறங்குகிறது.

விக்னேஷுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "கட்டினேன்ல?" என்றான். "கட்டியிருந்தே. ரொம்ப இறுக்கமா கட்டியிருந்தே" என்றேன். "எங்கம்மாட்ட சொல்லு" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டான். அவளிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டிய திட்டை இதில் எழுத முடியாது. அதற்கப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவன் எடுக்கவில்லை.

நீ என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றாய். நானும் உன்னிடம் சொல்லவில்லை, கேட்கிறேன். பாண்டிலட்சுமி இன்னும் கையைத் துடைக்கிறாளா?
மாரீஸ்


அச்சங்குளம்
செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு, உடம்பு சுகம்தானே? இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வரவில்லை.

ரெண்டு மாதமாக உன் கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாமல் இருந்தேன். இப்போது இருக்கிறது.

ஆடி கடைசியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம், பாண்டிலட்சுமியை வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். வாளி, போர்மேன், நான் வாசலுக்கு நகர்ந்தது, கையெழுத்து, எல்லாம். கடைசிவரை கேட்டாள். "அப்ப எங்கம்மா கையில என்ன இருந்துச்சு?" என்றாள். "தண்ணிச் சொம்பு" என்றேன். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நகந்து நின்னியே, எங்கம்மாவ ஒரு வார்த்தை கூப்பிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். எழுந்து போய்விட்டாள். மூன்று வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்மேனிடம் சொல்லி வேறு ரூமுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் எப்போது யாரிடம் சொல்வாளோ என்று யார் பக்கத்தில் வந்தாலும் பயந்தேன். பயப்படுகிறபோதே, சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது.

விநாயகர் சதுர்த்தி கழித்து வீட்டுக்கு வந்தாள். கையில் மனு எழுதுகிற காகிதம். "எங்கிட்ட சொன்னதை இதுல எழுதிக் கொடு. சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கணும். நீயும் கூட வரணும்" என்றாள். உன் மச்சான் பக்கத்தில் இருந்தார். அவருக்கு அப்போதுதான் தெரியும். அதே கம்பெனி வேனை ஓட்டிச் சாப்பிடுகிற மனுசன். "இம்புட்டு வருசமா எங்கிட்டயுமா சொல்லல?" என்றார். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சூலக்கரைக்குப் பஸ்ஸில் போனோம். வரிசையில் நிற்கும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாண்டிலட்சுமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தாங்கினாளா, ஓடிவிடாமல் பிடித்தாளா, தெரியவில்லை. மனுவை வாங்கிய அதிகாரி அம்மா முழுவதும் வாசித்தார். பொய் சொன்னதற்கு உங்கள் மேலும் கேஸ் வரலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பழைய வழக்கு, திறக்க நாளாகும், திறக்காமலும் போகலாம் என்றார். முத்திரை குத்திச் சீட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமைக்குள் ஆலைக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுக் காலை வேன் வருமோ வராதோ என்று வாசலில் நின்றேன். வந்தது. உன் மச்சான் என்னைப் பார்க்காமல், "ஏறு" என்றார். ஏறினேன். உள்ளே பெண்கள் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை, நின்றுகொண்டே போனேன். கேட்டில் போர்மேன் நின்றார். என்னை மட்டும் இறங்கச் சொன்னார். "உனக்கு இங்கன சோலி இல்ல. உன் புருசனுக்கு இருக்கணும்னா வாயை வச்சுக்கிட்டு வீட்டுல இரு" என்றார். கால் அப்படியே நின்றுவிட்டது தம்பி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட அதே குரல். திரும்பி நடந்தேன்.

பின்னால் ஒரு நிழல் வந்தது. பாண்டிலட்சுமி. அவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. "உள்ள போடி, உன் வேலையாவது நிக்கட்டும்" என்றேன். கேட்காத மாதிரி என் பக்கத்தில் நடந்தாள். மக்காச்சோளக் காட்டு வழியாக ஊருக்கு நாலு கிலோமீட்டர். எதிரே எந்த வண்டி வந்தாலும் கம்பெனி ஆட்களோ என்று ஒதுங்கி நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஹர்ஷினியைப் பள்ளிக்கூடம் அனுப்பவே பயமாக இருக்கிறது.

பாதி வழியில் அவள் கேட்டாள், "எங்கம்மா எப்படி இருப்பா?" எனக்குப் புரியவில்லை. "செத்ததைப் பத்தித்தான் எல்லாரும் சொல்லியிருக்காக. இருந்ததைப் பத்தி ஒருத்தரும் சொல்லல" என்றாள்.

சொன்னேன். உங்கம்மாவுக்குச் சேவு என்றால் உசிர், சம்பள நாளில் சாத்தூரிலிருந்து வாங்கி வேனுக்குள்ளேயே பிரித்துவிடுவாள் என்றேன். போர்மேன் நடக்கிற மாதிரியே நடந்து காட்டுவாள், ரூம் பூரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் என்றேன். உனக்குக் காது குத்தின அன்றைக்கு உன்னைவிட அவள்தான் அதிகமாக அழுதாள் என்றேன். தைத்துப் போட்ட ரவிக்கை ஒன்றும் அவளுக்குச் சரியாக இராது, எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து மறுபடி தைப்பாள் என்றேன். எனக்கே மறந்துபோனதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவள் தரையைப் பார்த்தபடி நடந்தாள். நடந்து காட்டியதைச் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரித்தாள்.

ஊர் முனை வந்ததும் நின்றாள். "இன்னும் இருக்கா?" என்றாள்.

"நெறைய இருக்கு" என்றேன்.

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்று காலை பத்து மணிக்கு வந்து, இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அருணாதேவி